வாசிக்க மறுக்கும் பார்வை: கடதாசித் துண்டுச் சித்திரங்களும் நூதனசாலைகளும்

கடதாசித் துண்டுகளால் ஆக்கப்பட்ட சித்திரங்களை நூதனசாலையொன்றிற் காண நேர்பவர்கள் பெரும்பாலும் இரு சாராராகப் பிரிந்துவிடுகின்றனர். ஒரு சாரார், பழைய ரிக்கற்றையும் மிட்டாய்த் தாளையும் ஒட்டிவைத்துவிட்டு இதனைக் கலை என்பதா என்று முகஞ் சுழிப்பர். மறு சாரார், வர்ண இசைவு, தள அமைப்பு, சமநிலை முதலாய சொற்களைக் கையாண்டு, குப்பை கலையாக உருமாறிய அற்புதத்தை வியப்பர். முன்னையோரைப் பாமரர் என்றும் பின்னையோரைச் சுவைஞர் என்றும் கொள்வது வழக்கம். ஆயின், சற்று நுணுகி நோக்குமிடத்து, இவ்விரு சாராரும் ஒரு விடயத்தில் முற்றாக உடன்படுகின்றனர் என்பது புலனாகும். அத்துண்டுகளில் என்ன அச்சிடப்பட்டிருக்கின்றது என்பதை இருவருமே வாசிப்பதில்லை. ஒருவர் அதனைக் குப்பையென்று ஒதுக்குகின்றார். மற்றவர் அதனை வர்ணமென்று ஏற்றுக்கொள்கின்றார். எழுத்து இருவருக்கும் ஒரு பொருட்டன்று.

இப்பார்வை தவறானது என்பதும், நூதனசாலைகளே இத்தவற்றுக்குப் பெரிதும் பொறுப்பாளிகள் என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும். கடதாசித் துண்டு முதலில் ஓர் ஆவணம். அதன் பின்னரே அது ஒரு வர்ணம். அதன் ஆவணத் தன்மையை நீக்கிவிட்டு வர்ணத்தை மாத்திரம் சட்டகத்துள் வைத்துப் போற்றுவது, ஒருமுறை குப்பையில் வீசப்பட்டதை இரண்டாம் முறையும் வீசுவதற்கு ஒப்பாகும்.

‘கடதாசி மொசைக்’ என்னும் பெயருக்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1700 ஆம் ஆண்டிற் பிறந்த மேரி டிலேனி என்னும் ஆங்கில உயர்குடிப் பெண்மணி தமது எழுபத்திரண்டாம் வயதளவில் வர்ணக் கடதாசிகளை நுண்ணிய துண்டுகளாக வெட்டிக் கறுப்புப் பின்னணியில் ஒட்டி மலர்களை ஆக்கத் தொடங்கினார். கண்பார்வை மங்கும்வரை ஏறத்தாழப் பத்தாண்டு காலத்தில் அவர் ஆக்கியவை 985 ஆகும். தம் ஆக்கங்களை அவரே ‘கடதாசி மொசைக்’ என்று குறித்தார். 1897 ஆம் ஆண்டு இவை இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்தன. இவற்றைப் பொறுத்தவரை மனங்கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. தாவரத்தின் பெயர், ஆக்கிய நாள், ஆக்கிய இடம், அம்மலரைத் தந்த தோட்டத்துக்குரியவர் யார் என்னும் விவரங்களை அவர் தாமே எழுதிவைத்தார். நூதனசாலையும் அவ்விவரங்களைப் பேணிப் பதிவு செய்துள்ளது. பிரபுவின் தோட்டத்து மலருக்கு முகவரி உண்டு. ஆனால், இதே கலை முறை மாளிகையிலிருந்து தெருவுக்கு இறங்கி வந்தபொழுது, தெருவின் துண்டுகளுக்கு அத்தகைய முகவரி கிடைக்கவில்லை.

தெருவுக்கு இறங்கிய காலம் 1912 ஆகும். அவ்வாண்டிற் பாரிஸ் நகரில் பிறாக், பிக்காசோ ஆகிய இருவரும் சுவர்த்தாளையும் செய்தித்தாளையும் வெட்டித் தமது சித்திரங்களில் ஒட்டினர். பிக்காசோ அவ்வாண்டின் இறுதியில் ஆக்கிய சித்திரமொன்று ‘சூஸ்’ என்னும் மதுவகையின் போத்தலைக் காட்டுவது. இன்று அமெரிக்காவில் சென் லூயிஸ் நகரப் பல்கலைக்கழக நூதனசாலையில் உள்ளது. போத்தலைச் சுற்றி ஒட்டப்பட்டுள்ள செய்தித்தாட் துண்டுகளிற் பால்கன் போர் பற்றிய செய்திகளும், போரை எதிர்த்துப் பாரிசிற் கூடிய சோசலிஸ்டுகளின் கூட்டம் பற்றிய அறிக்கையும் வாசிக்கக்கூடிய வகையில் உள்ளன. இச்செய்திகளைப் பல தசாப்தங்களாக எவரும் பொருட்படுத்தவில்லை. அவை சாம்பல் நிறத் தளங்களாகவே கருதப்பட்டன. பிற்காலத்தில் ஆய்வாளர் சிலர் அவற்றை வாசிக்கத் தலைப்பட்டபொழுது, உருவவாதிகள் வெகுண்டெழுந்தனர். ஓவியன் அச்செழுத்தின் இழைநயத்துக்காகவே அதனைத் தெரிந்தான், அதிற் செய்தி தேடுவது கலையறியாமை என்பது அவர்களின் கூற்று.

இக்கூற்றினை நாம் சற்று ஆராய்தல் வேண்டும். ஓவியன் அச்செய்தியை வேண்டுமென்றே தெரிந்தானா, அன்றித் தற்செயலாகக் கைக்கு அகப்பட்டதை ஒட்டினானா என்பது ஒரு வினா. அத்துண்டு எதனைச் சாட்சியம் கூறுகின்றது என்பது வேறொரு வினா. முதலாவது வினாவுக்கு விடை காணமுடியாமற் போகலாம். அதனால் இரண்டாவது வினா இல்லாதொழிவதில்லை. கோயிற் சுவரிற் பொறிக்கப்பட்ட சாசனத்தை எடுத்துக்கொள்வோம். தானம் கொடுத்தவன் தன் புண்ணியம் நிலைப்பதற்காக அதனைப் பொறித்தான். பிற்கால வரலாற்று மாணவனின் நலங்கருதி அன்று. எனினும் அக்காலத்து நிலவுடைமை, வரி, நீர்ப்பாசனம், சாதியமைப்பு என்பனவற்றை அச்சாசனத்திலிருந்தே நாம் அறிகின்றோம். வரிவடிவத்தின் அழகை மாத்திரம் இரசித்துவிட்டு, வாசகத்தைத் தொடாது திரும்பும் சாசனவியல் மாணவனை எந்த விரிவுரையாளர் சித்தியெய்த விடுவார்? கருங்கல்லுக்கு ஒரு நீதி, கடதாசிக்கு இன்னொரு நீதி எனக் கொள்வதற்கு நியாயம் யாதுமில்லை.

இவ்வாதத்துக்கு மிகச் சிறந்த உரைகல்லாக அமைபவர் ஜேர்மனிய நாட்டு ஹனோவர் நகரத்தவரான குர்ட் ஷ்விற்றர்ஸ் (1887–1948) ஆவார். ட்ராம் வண்டி ரிக்கற்றுகள், கடித உறைகள், முத்திரைகள், உணவுப் பொருட்களின் மேலுறைகள், அச்சகங்கள் கழித்துவிட்ட பிழைத்தாள்கள் ஆகியவற்றைக் கொண்டு வாழ்நாள் முழுவதும் சித்திரம் ஆக்கியவர் அவர். 1919 ஆம் ஆண்டில் வங்கியொன்றின் விளம்பரத்திலிருந்து ‘வணிகம்’ எனப் பொருள்படும் ‘கொமேர்ஸ்’ என்ற சொல்லின் பிற்பாதியாகிய ‘மேர்ஸ்’ என்பதை வெட்டி ஒட்டினார். அதனையே தமது கலை முழுவதற்கும் பெயராகக் கொண்டார். ஒரு கலை இயக்கம் வங்கி விளம்பரத்தின் வெட்டுத்துண்டிலிருந்து பெயர் பெறுவது வர்ணச் சேர்க்கையின் விளைவு மட்டுமா? அத்துண்டை வாசித்த ஒருவரே அப்பெயரைச் சூட்டியிருக்க முடியும்.

அதே 1919 இல் அவர் ஆக்கிய சித்திரமொன்று இன்று நியூயோர்க் குகன்ஹைம் நூதனசாலையில் உள்ளது. சிவந்த இருதயம், தேவாலயம் என்பன அதிற் காணப்படுவதால் அவற்றையொட்டியே அது பெயர் பெற்றது. அதில் ஒட்டப்பட்ட செய்தித்தாட் துண்டு, பிறேமன் நகரிற் புதிதாக நிறுவப்பட்டிருந்த சோசலிசக் குடியரசின் மீது தொடுக்கப்பட்ட தாக்குதல் பற்றியது. 1919 ஜனவரி 10 ஆம் திகதி பிரகடனப்படுத்தப்பட்ட அக்குடியரசு, ஒரு மாதம் நிறைவதற்கு முன்னரே, பெப்ரவரி 4 ஆம் திகதி படைபலங்கொண்டு நசுக்கப்பட்டது. இதனை அறியாது அச்சித்திரத்தின் முன் நிற்பவர், ஒரு தேவாலயத்தையும் ஓர் இருதயத்தையும் சில கோடுகளையும் காண்பார். அறிந்து நிற்பவர், ஒரு புரட்சி தோற்றுப்போன வாரத்தின் எச்சம் அவ்வட்டையில் ஒட்டிக்கிடப்பதைக் காண்பார். சித்திரத்திற் கோடொன்றும் மாறிவிடவில்லை, பார்ப்பவரே மாறினார். இச்செய்தித்துண்டை அடையாளங்கண்டு கூறியவர்களும் நூதனசாலை சார்ந்த அறிஞர்களே என்பதை நேர்மையுடன் ஏற்கவேண்டும். அவ்வுழைப்பு நிகழ்ந்த இடத்திற் சித்திரம் திறந்துகொண்டது. ஏனைய இடங்களில் அது ஏன் நிகழவில்லை என்பதே நம் கேள்வி.

ஷ்விற்றர்ஸ் ஆக்கிய துண்டுச் சித்திரங்களின் காலப் பின்னணியையும் இவ்விடத்திற் கருதுதல் வேண்டும். 1923 நவம்பரில் ஓர் அமெரிக்க டொலரின் பெறுமதி 4 இலட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க் ஆயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட அச்சகங்கள் பணத்தாள் அச்சிடுவதில் ஈடுபடுத்தப்பட்டன. வாழ்நாட் சேமிப்புகள் வெறுங் கடதாசியாயின. பணத்துக்கும் குப்பைக்கும் இடையிலான எல்லைக்கோடு அழிந்துபோன அச்சமுதாயத்தில், தெருவிற் கிடந்த கடதாசியைக் குனிந்தெடுத்துச் சட்டகத்துள் வைப்பது வெறும் வர்ண விளையாட்டாக இருந்திருக்க முடியாது. அத்தகைய காலத்தில் ட்ராம் ரிக்கற்றில் அச்சிடப்பட்ட கட்டணம் என்பது ஒரு பொருளாதார வரலாற்றுக் குறிப்பாகும். அவ்விலக்கத்தை வாசியாது அதன் நிறத்தை மாத்திரம் வியப்பவர், பசித்தவனின் வெற்றுக் கலத்தை அதன் வடிவழகுக்காகப் பாராட்டுபவருக்கு நிகரானவர்.

இங்கு எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்துக்கு விடையிறுத்தல் கடனாகும். ஷ்விற்றர்ஸ் தாமே உருவவாதி அல்லவா என்று கேட்கப்படும். பொருளொன்று சித்திரத்தினுள் வந்ததும் தனக்குரிய ‘சொந்த நஞ்சை’ இழந்துவிடுகின்றது என்னும் கருத்துப்பட அவர் எழுதியது உண்மை. 1923 இல் வேறு கலைஞர் சிலருடன் சேர்ந்து, பாட்டாளி வர்க்கக் கலை என்று ஒன்றிருக்க முடியாது என அறிக்கை விட்டவரும் அவரே. பெர்லின் நகரத்து டாடா இயக்கத்தின் தீவிரவாதிகள் அவரைக் குட்டி பூர்ஷ்வா என்று ஒதுக்கினர். எனவே அவரைப் புரட்சிக் கலைஞராகச் சித்திரித்துக் காட்டுவது நமது நோக்கமன்று. அவ்வாறு செய்வது வரலாற்றைத் திரிப்பதாகும்.

ஆயின், கலைஞனின் கொள்கை விளக்கமும் அவன் கை செய்த வேலையும் எப்பொழுதும் ஒன்றாயிருப்பதில்லை என்பது இலக்கிய மாணவர் யாவரும் அறிந்ததே. நஞ்சு முற்றாக நீங்கவேண்டுமென அவர் கருதியிருந்தால், ரிக்கற்றைக் கவிழ்த்து ஒட்டியிருக்கலாம். எழுத்தின்மேல் வர்ணம் பூசியிருக்கலாம். பல இடங்களில் அவர் அவ்வாறு செய்யவில்லை. எழுத்து வாசிக்கக்கூடியதாகவே விடப்பட்டது. மேலும், 1924 இலிருந்து விளம்பர நிலையமொன்றை நடத்தி, பெலிக்கன் மை நிறுவனம் போன்றவற்றுக்கு விளம்பரம் ஆக்கிக்கொடுத்தவர் அவர். அச்செழுத்து எவ்வாறு மனிதனை விளிக்கின்றது, எதனை வாங்கத் தூண்டுகின்றது என்பதைத் தொழில்முறையாக அறிந்த ஒருவர், அச்செழுத்தை வெறும் கறுப்புப் புள்ளிகளாகக் கண்டார் என நம்புவது கடினம். போரின் பின் யாவும் உடைந்து கிடந்தன, அவ்வுடைந்த துண்டுகளிலிருந்தே புதியதை ஆக்கவேண்டியிருந்தது என்னும் பொருள்பட 1930 இல் அவரே எழுதியிருக்கின்றார். உடைந்தது எது என்பதை அறியாமல் ஆக்கப்பட்டது எது என்பதை எங்ஙனம் அறிவது?

ஹனோவர் நகரிலுள்ள ஸ்பிறெங்கல் நூதனசாலைக்குச் செல்பவர் காணும் அறையொன்று இவ்விடயத்தைக் கண்கூடாக்குகின்றது. ஷ்விற்றர்ஸ் 1923 அளவிலிருந்து தமது வீட்டின் உள்ளேயே ‘மேர்ஸ் கட்டடம்’ எனப்படும் அமைப்பொன்றை வளர்த்துவந்தார். தூண்களும் முனைகளும் சிறு குகைகளுமாக அது அறைகளை நிறைத்துப் பரந்தது. அக்குகைகளில் நண்பர்களின் தலைமயிர், பாதி புகைத்த சிகரெட், நகத்துண்டு முதலிய அன்றாட எச்சங்கள் வைக்கப்பட்டிருந்தமையை அதனைக் கண்ட நண்பர் ஹான்ஸ் றிக்டர் பதிவு செய்துள்ளார். 1943 ஒக்டோபரிற் பிரித்தானிய விமானங்களின் குண்டுவீச்சில் அவ்வீடு அழிந்தது. 1933 இல் எடுக்கப்பட்ட மூன்று புகைப்படங்களை ஆதாரமாகக் கொண்டு, சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த அரங்க வடிவமைப்பாளர் பீற்றர் பிசெகர் 1981–83 காலப்பகுதியில் அதன் முதன்மை அறையை மீளமைத்தார். இன்று பார்வையாளர் நுழைவது அவ்வறையினுள்ளேயே.

அதன் உள்ளே நிற்பவரை வெண்மையே சூழ்கின்றது. கூரிய முனைகள், தூய தளங்கள், ஒளியின் நிதானம். புகைப்படத்திற் கண்டதை அளந்து ஆக்கிய அக்கலைஞரின் உழைப்பு மதிக்கத்தக்கது. படத்திற் காணாததை அவர் கற்பனையால் இட்டு நிரப்பியிருந்தால் அது குற்றமாகியிருக்கும். ஆனால், விளைவு யாது? வெண்சுவர் மீண்டது, குகையுள் இருந்த எச்சங்கள் மீளவில்லை. கலைஞன் வாழ்ந்த உலகத்தின் அழுக்கு நீங்கி, அவனுடைய உருவ ஒழுங்கு மாத்திரம் எஞ்சியிருக்கின்றது. இதனை ஓர் இழப்பின் நினைவுச் சின்னமாகக் காண்பது முறை. முழுமையான கலைப்படைப்பாகக் கண்டு, ‘எத்துணைத் தூய்மை’ என வியந்து செல்வதே உருவவாதத்தின் உச்சநிலையாகும். குண்டு அழித்ததைப் பார்வையும் ஒருமுறை அழிக்கின்றது.

ஷ்விற்றர்ஸின் பிற்கால வாழ்க்கை இதனை மேலும் தெளிவாக்கும். 1937 ஜனவரியில் அவர் நோர்வேக்குத் தப்பியோடினார். அதே ஆண்டு மியூனிக்கில் நாசிகள் நடத்திய ‘சீரழிந்த கலை’க் கண்காட்சியிற் பழிப்புக்கென அவருடைய ஆக்கங்கள் தொங்கவிடப்பட்டன, ‘மேர்ஸ்’ என்ற சொல்லைத் தாங்கிய அந்த முதற் சித்திரம் பின்னர் காணாமற் போயிற்று. 1940 இற் பிரித்தானியாவை அடைந்தவரை, பகை நாட்டவர் என்னும் காரணத்தால் மான் தீவுத் தடுப்பு முகாமில் 1941 நவம்பர்வரை அடைத்துவைத்தனர். பின்னர் இலண்டனிலும், ஏரிகள் நிறைந்த வட பிரதேசத்திலும் வறுமையில் வாழ்ந்து, 1948 ஜனவரி 8 ஆம் திகதி இறந்தார். பிரித்தானியக் குடியுரிமை வழங்கப்பட்ட செய்தி அதற்கு முந்திய நாளே வந்தது. இவ்வாண்டுகளில் அவர் ஒட்டிய துண்டுகள் ஆங்கில பஸ் ரிக்கற்றுகளும் மிட்டாய்த் தாள்களும் ஆகும். பாரிஸ் பொம்பிடு நிலையத்தில் உள்ள 1947 ஆம் ஆண்டுச் சித்திரமொன்றில், தகரத்தில் அடைத்த பழத்தின் மேலுறையும், ‘இவற்றுக்காகவே நாம் போராடுகின்றோம்’ என்னும் பொருளுடைய வாசகமும் அருகருகே உள்ளன. பிரித்தானியாவில் இனிப்புப் பண்டங்களுக்கான பங்கீடு 1942 இல் ஆரம்பித்து 1953 வரை பெரும்பாலும் நீடித்தது என்பதையும், உணவுப் பங்கீடு முழுமையாக நீங்கியது 1954 இலேயே என்பதையும் அறிந்தவருக்கு, 1947 இன் மிட்டாய்த் தாள் வெறும் மஞ்சளும் சிவப்பும் அன்று. கூப்பன் புத்தகமும் சங்கக்கடை வரிசையும் கண்ட நாட்டவராகிய நமக்கு இதனை விளக்கவேண்டிய அவசியமில்லை.

இத்தனையும் தாங்கிய சித்திரங்களின் கீழ் நூதனசாலை எழுதிவைப்பது வழக்கமாக யாது? ஆக்கியோன் பெயர், ஆண்டு, பின்னர் ‘அட்டையில் ஒட்டிய கடதாசி’. டிலேனியின் மலருக்கு அதன் தோட்டத்தைக் கூறும் உலகம், ஷ்விற்றர்ஸின் ரிக்கற்றுக்கு அது எந்தப் பாதையில் ஓடிய வண்டியினுடையது, கட்டணம் எவ்வளவு என்று கூறுவதில்லை. மலரைப் பற்றி அப்பெண்மணி தாமே எழுதிவைத்தார், இவர் எழுதிவைக்கவில்லை என்று சமாதானம் கூறலாம். ஆயின் ரிக்கற்றில் ஏற்கெனவே எழுதியிருக்கின்றதே! அதனை வாசித்துப் பெயர்த்தெழுதுவதற்கு மொழியறிவும் பூதக்கண்ணாடியும் பொறுமையும் போதும். ஜேர்மன் மொழி அறியாத பார்வையாளனுக்கு அவ்வெழுத்துகள் வெறும் வடிவங்களாகத் தோன்றுவது அவன் குற்றமன்று. அவனுக்கு மொழிபெயர்ப்பு ஒன்றைக் கையிற் கொடாதவர்களின் குற்றம். நூதனசாலை நூலகமன்று, அளவுக்கு மிஞ்சிய எழுத்து பார்வையைக் கெடுக்கும் என்பர். சுவரில் எழுதவேண்டாம், வாயிலில் ஒரு தாளாகக் கொடுக்கலாமே.

இவ்வேலை காலந்தாழ்த்தக்கூடியதும் அன்று. செய்தித்தாளும் ரிக்கற்றும் மலிவான மரக்கூழினால் ஆனவை. அக்கூழில் எஞ்சியுள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளியாலும் காற்றாலும் தாக்குண்டு தாளை மஞ்சளாக்கிப் பொடியச் செய்கின்றது. அதன் பொருட்டே இத்தகைய ஆக்கங்களை ஏறத்தாழ 50 லக்ஸ் அளவான மங்கிய ஒளியில் வைக்கின்றனர். இடையிடையே இருளறைக்கும் அனுப்புகின்றனர். வர்ணத்தைக் காப்பதற்கு இத்துணை அக்கறை காட்டுவோர், எழுத்து மங்குமுன் அதனைப் படியெடுப்பதிலும் அதே அக்கறையைக் காட்டுதல் வேண்டும்.

இன்று பல நாடுகளில் நூதனசாலைகள் ‘கழிவிலிருந்து கலை’ எனப் பார்வையாளரையும் மாணவரையும் அழைத்துக் கடதாசி மொசைக் ஆக்குவிக்கின்றன. கைப்பயிற்சியாக இது தீதன்று. ஆனால் பொதி உறையை யார் அச்சிட்டார், யார் விற்றார், யார் வாங்கமுடியாது நின்றார் என்னும் வினாக்கள் எழாமலே அது வெட்டி ஒட்டப்படுமாயின், கழிவைப் பெருக்கும் வணிகத்துக்குக் கலை பூசிய வெள்ளையாக அது முடியும்.

இறுதியாக நமது நிலைமை. தமிழ் வாசகருக்கு இது தூரதேசத்து விவகாரமாகத் தோன்றலாம். ஆயின் 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்களையும் சுவடிகளையும் இழந்த சமூகம் நாம். 2005 இலிருந்து ‘நூலகம்’ என்னும் மின்னூலகத்தின் மூலம் நூல்களோடு பழைய சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் தேடித் தொகுத்து வருவோரின் உழைப்பு, துண்டுக் கடதாசியின் பெறுமதியை எவ்வித அழகியற் கோட்பாட்டினதும் துணையின்றி உணர்ந்ததன் விளைவாகும். கச்சான் சரையாகச் சுருட்டப்படும் தாளிலும் வாசிக்கத்தக்கது இருக்கலாம் என்பதை அறிந்த அப்பார்வையே, மேனாட்டுக் கலைக்கூடத்தின் சட்டகத்தை அணுகுவதற்கும் உகந்த பார்வையாகும். மேற்கின் உருவவாதத்தை அதன் கலைச்சொற்களோடு கடன்வாங்கி விரிவுரை மண்டபங்களில் ஒப்புவிப்பதற்கு முன்னர், நம்மிடம் ஏற்கெனவே உள்ள இப்பயிற்சியை நாம் மதிக்கக் கற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

கடதாசித் துண்டுச் சித்திரத்தின் அழகை நாம் மறுக்கவில்லை. அழகு அங்கே உண்டு. அதனை ஆக்கிய கைகள் திறமை வாய்ந்தவை. ஆனால் அவ்வழகு, மனிதர் கையிற் பிடித்துப் பயணஞ் செய்த, பசிக்கு வாங்கிய, செய்தி அறிந்து கலங்கிய தாள்களினால் ஆனது. சட்டகத்தின் முன் நிற்பவர் இரண்டடி பின்னே சென்று சமநிலையைக் காணட்டும். பின்னர் இரண்டடி முன்னே வந்து எழுத்தை வாசிக்கட்டும். நூதனசாலைகள் அதற்கு வழிசெய்யட்டும். வாசிக்கப்படாத ஆவணம் எவ்வளவு விலைமதிப்புள்ள சட்டகத்தில் இருந்தாலும் குப்பைக்கூடையில் இருப்பதாகவே கொள்ளப்படும்.